அரசாங்கமாகப் பேசியவர்

கலந்தர்லெவ்வை ஹாஜியார் காலமான செய்தி, ஒலுவிலில் இப்போது நான் படிப்பிக்கும் வகுப்பை முடித்து வெளியே வந்தபோது கிடைத்தது. அவருடைய வாகனத்தைப் பல வருடங்கள் ஓட்டிய நியாஸ் அழைத்தார்; என்னை அக்கா முறையில் லாத்தா என்பார். "லாத்தா, ஹாஜியார் மௌத்தாகிட்டார். விடிய சுபஹு தொழுதிட்டுச் சாஞ்சவர், பிறகு எழும்பல்ல. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

பஸ் கல்முனைச் சந்தையை அடைவதற்குள் பதாகை கட்டப்பட்டுவிட்டது: 'மக்களின் குரல் ஓய்ந்தது'. அந்தக் குரலை நெடுங்காலம் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். அதில் பெரும்பகுதி அரசாங்கத்துக்காக ஒலித்தது என்பதும் எனக்குத் தெரியும். அவரை மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளும் தரப்பில் அமர்ந்திருந்த ஒரு சிறு கட்சியின் பாராளுமன்றக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். அமைச்சுகளின் சிங்களப் பதில்களை அவருக்காகத் தமிழாக்குவது அப்போது என் வேலை.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தம் உறுப்பினர் எவரும் ஒரு குறையைச் சபைக்குக் கொண்டுபோகுமுன், அதை அவருடைய அறையில் அவரிடம் கேட்டுப் பழக வேண்டும். "இப்ப நான்தான் அரசாங்கம். கேளுங்க" என்று கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். அவருடைய பதிலை மடக்க முடியாதவர் சபையில் வாய் திறக்கக் கூடாது.

ஒலுவில் கரையைக் கடல் அரிப்பதைப் பற்றிக் கேட்க வந்த புதிய உறுப்பினர் ஒருவர், "சேர், கடல் ஊருக்குள்ள வந்திட்டு" என்று தொடங்கினார்.

"கடல் எங்கட அமைச்சுக்குக் கீழ வராது. அடுத்த கேள்வி!"

அறை முழுதும் சிரித்தது. அந்த உறுப்பினர் திரும்பத் திரும்ப வந்து தோற்று, ஒருநாள் அவரையே வாயடைக்க வைத்தார். பிறகு சபையில் கேட்டார். கரையின் ஒரு பகுதிக்காவது தடுப்புக் கல் வந்து இறங்கியது. அந்த முறையில் எனக்கும் நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

இரசாயன உரத்தை அரசாங்கம் தடை செய்த வருடம் அதே முறை எங்களைக் கவிழ்த்தது.

இறக்காமத்தைச் சேர்ந்த பாறூக் எங்கள் உறுப்பினர். சொந்தமாக நெல் வயல் செய்பவர். யூரியா இல்லாமல் பெரும்போகம் கரை சேராது என்று சொல்ல வந்தார். ஹாஜியார் அரசாங்கமாக மாறினார். மண்ணின் நலம், பிள்ளைகளின் நோய், வெளிநாட்டுக்குப் போகும் டொலர் என்று அடுக்கினார். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. பாறூக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், அண்ணனை அழைக்கும் முறையில், "காக்கா, நீங்க செல்றதும் சரியாத்தான் இரிக்கி" என்றார்.

ஹாஜியார் திடுக்கிட்டார். "அது நான் செல்லல்ல பாறூக். அரசாங்கம் செல்லுது."

"அரசாங்கத்திலதானே காக்கா நாமளும் இரிக்கம்?"

 பதிலை ஒப்புக்கொண்டதால், ஹாஜியாருடைய விதிப்படி பாறூக் தோற்றுவிட்டார். சபையில் பேச முடியாது. விதியைத் தளர்த்துவார் என்று எதிர்பார்த்தேன். தளர்த்தவில்லை.

பயிர் மஞ்சளானதும் பாறூக் பொறுக்கவில்லை. பழகாமலே சபையில் எழுந்து கேட்டார். அன்று அமைச்சர் வரவில்லை. ஆளும் தரப்பில் இருந்ததால் பதிலை வாசிக்கும் பொறுப்பு ஹாஜியாரிடம் வந்திருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்தவள் நான். மண், பிள்ளைகள், டொலர்: அறையில் அவர் சொன்ன அதே காரணங்கள். கடைசி வரி வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஊர் திரும்பும் வழியில், "ஏன் சேர் வாசிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வாசிக்காட்டி அரசாங்கத்த விட்டு வெளிய போகணும் மகள். வெளிய போனா ரோட்டுக்கும் பாலத்துக்கும் யாருக்கிட்டப் போய் நிக்கிற? உள்ள இருந்தாக் கதவுக்குக் கிட்டயாவது நிக்கலாம்."

"கதவு திறந்ததா சேர்?"

"இல்ல. ஆனா சாவி என்னட்ட இரிக்கி எண்டுதானே ஊர் நினைக்குது."



அந்த வாரமே இறக்காமத்து விவசாயிகள் ஹாஜியாரின் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் அலியார் என்ற முதியவர். "ரேடியோவில கேட்டம் ஹாஜியார். நல்லா வாசிச்சீங்க. வயலுக்கும் வந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களன், பயிர் பச்சையாகுதா பாப்பம். இந்த முற யான கூட எட்டிப் பாக்கல்ல. திங்க என்ன கெடக்கு அங்க?"

ஹாஜியார் சிரிக்க முயன்றார். மறுநாள் வயலுக்குப் போனார். வரம்பில் நெடுநேரம் நின்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை. தடை பின்னர் நீங்கியது. அந்தப் போகத்துக்கு அது உதவவில்லை. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. எவரையும் பழக்கவும் இல்லை.

அடக்கத்துக்கு முன், ஜனாஸாவை வீட்டு வளவில் கிடத்தி, மூத்த மகன் வழமைப்படி வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்: "வாப்பா ஆருக்காவது குறை செய்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்குங்க." பெண்கள் நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். முன்வரிசையில் இருந்து "பொருந்திட்டம்" என்ற ஒலி உடனே எழுந்தது. வாசல் கேற்றடியில் நின்ற இறக்காமத்தார் வாய் திறக்கவில்லை. மகனுக்கும் அது தெரிந்தது. அவர்கள் பக்கம் திரும்பி மறுபடி கேட்டார்.  அந்தப் பதில் வராமல் வாப்பாவை எப்படி எடுத்துப் போவது?

அலியார் முன்னால் வந்தார். "உங்கட வாப்பா செய்த குறைய நாங்க பொருந்திட்டம் மவன். அரசாங்கம் செய்தத பொருந்தல்ல. அவர் வேற, அது வேற."

உயிரோடு இருந்தவரை ஹாஜியாரால் பிரிக்க முடியாமல் போனதை அந்த முதியவர் ஒரே வரியில் பிரித்துவிட்டார். பாறூக் முதல் ஆளாகச் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். பக்கத்தில் அலியார். தெரு திரும்பும் வரை அவர்களுடைய தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேர், கபுறுக்குழியில் வானவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எந்த அமைச்சும் பதில் எழுதித் தராது. மொழிபெயர்க்க நானும் வர முடியாது. இனி உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக.