டீசல் இல்லாத கட்டடத்தில் டீசல் வேலை

கரன்ட் போகும்வரை ஜெனரேற்றர்காரனை ஒருவருக்கும் தெரியாது. போனாலும் தெரியக்கூடாது என்பதுதான் எங்கள் தொழில் தர்மம். கனடாவின் பிறம்ரனில், ஒரு பெரிய கொம்பனியின் டேற்றா சென்ரரில், அதாவது உங்கள் படங்களும் தேடல்களும் வந்து கிடக்கிற கட்டடத்தில், எட்டு வருஷமாக நான் கொன்ராக்ற் ஆள். நிரந்தரமாக்கச் சொல்லி வருஷாவருஷம் மனுப் போடுகிறேன். கொன்ராக்றில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு விளங்கும்.

புகையும் விருந்தாளியும்

மாதம் ஒருமுறை ஜெனரேற்றரை ஓடவிட்டுச் சோதிக்கவேண்டும். அன்றைக்கென்று பார்த்துச் சுற்றுச்சூழல் பிரிவு விருந்தாளிகளைக் கூட்டி வந்துவிட்டது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கொம்பனியின் பச்சை இலைச் சின்னம்; அதற்கு மேலால் என்னுடைய கரும்புகை. அந்தப் பிரிவின் மனேஜர் தர்ஷினி, இங்கேயே பிறந்த பிள்ளை, பதறி ஓடி வந்தாள்: “அங்கிள், ப்ளீஸ், அவை போகுமட்டும் புகையை ஹோல்ட் பண்ணுங்கோ!”

ரவி தேடியது

என்னோடு வேலை செய்யும் ரவி, சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, கொம்பனியின் தேடலிலேயே எங்கள் கட்டடத்தைப் பற்றித் தேடினான். இப்போதெல்லாம் தேடினால் பக்கங்களைக் காட்டுவதற்கு முதல் அதுவே பதில் சொல்லிவிடுகிறது. முழுக்கக் காற்றாலை மின்சாரம், டீசலே கிடையாது என்று அடித்துச் சொன்னது. கொம்பனி எழுதிய அறிக்கையைக் கொம்பனியின் மெஷினே வாசித்து ஒப்பிக்கிறது. வெட்கம் கெட்டதுகள்! டீசல் மணக்கிற கையோடு ரவி கேட்டான்: “அண்ணை, இஞ்ச டீசலே இல்லையாம். அப்ப நாங்கள் ஆர்?”

ஐஸ் மழைக்குப் பிறகு

தை மாதத்து ஐஸ் மழையில் பாதி ஊருக்குக் கரன்ட் போனது. எங்கள் கட்டடத்தில் ஒரு விளக்குக்கூட அணையவில்லை. ரவியும் நானும் வீட்டுக்குப் போகாமல் இரண்டு நாள் டீசல் ஜெனரேற்றரைக் கட்டி மேய்த்தோம். மூன்றாம் நாள் எல்லோருக்கும் மெயில் வந்தது: பச்சை மின்சாரம் நம்மைக் காப்பாற்றியதாம்.

ஆனாலும் ஒரு நப்பாசை. இந்த முறை மறுக்க என்ன முகம் இருக்கிறது என்று, ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு மனுவோடு போனேன். தர்ஷினியின் பிரிவும் அதில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். அவள் வாசித்தாள், பேனாவை எடுத்தாள், திரும்ப வைத்தாள். உண்மையான கவலையோடுதான் சொன்னாள்: “அங்கிள், உங்களை பேர்மனன்ற் ஆக்கினால் டீசலும் பேர்மனன்ற் எண்டு ஆகிடுமே!”

ஆகவே நானும் ஜெனரேற்றரும் ஒன்பதாவது வருஷமாகத் தற்காலிகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம்.