ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும்

நகரத்தின் நடுவே, பழைய பஸ் டிப்போவை ஒட்டியிருந்த இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழே அவளுடைய சலூன் இருந்தது. ஆண், பெண், குழந்தை யார் வந்தாலும் அதே இரண்டு நாற்காலிகள்தான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தெருவுக்கே அவள் சலூன்கார அக்கா. மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரிடம் வருகிறவர்கள் பயத்தைத் தள்ளிப்போட முதலில் இவளிடம் வந்து முடி வெட்டிக்கொள்வதும் உண்டு.

கட்டடத்தின் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியைச் சொல்லத் தெரியாதவர். அதனால் ஒருநாள் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்து, பாதித் தலை முடிந்த பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"டிப்போ இடத்தையும் நம்ம கட்டடத்தையும் சேத்து ஒரு கம்பெனி கேக்குதும்மா. பெரிய டவர் வருதாம். மேகத்தைத் தொடும்னு சொல்றாங்க. ஆறு மாசத்துல காலி பண்ணிக் கொடுக்கணும்."

அவருடைய காதோரம் கத்தரிக்கோல் நின்றது. நின்றது ஒரு நொடிதான். மீதித் தலையையும் ஒழுங்காகவே வெட்டி முடித்தாள். அவர் போன பிறகுதான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வயதில் எடுத்த கடை அது. அந்த மகளே இப்போது வேறு ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள்.

டிப்போவின் சுவரில் பெரிய பலகை ஒன்று வந்தது. அதில் கண்ணாடிக் கோபுரம், கீழே மரங்கள், மரத்தடியில் சிரித்துக்கொண்டே நடக்கும் மனிதர்கள். ஒருவருக்கும் தொப்பை இல்லை. அவள் கணவன் பஸ் டிரைவர். அந்த வழியாகத்தான் அவன் பஸ்ஸும் போகும். "இவ்வளவு அழகான ஜனங்களை நான் ஒருநாளும் ஏத்தினதில்ல. எங்கிருந்து புடிச்சுட்டு வரப்போறாங்களோ" என்றான்.

ஆறு மாதம் போனது. டிப்போவை இடித்தார்கள், தகர வேலி போட்டார்கள், அதோடு சரி. சொந்தக்காரரைக் கேட்டால், "ஏதோ அனுமதி வரணுமாம், இன்னும் ஆறு மாசம்" என்றார். அதுவும் போனது. பிறகு கம்பெனி கைமாறியது. பிறகு மாடிகளின் எண்ணிக்கை குறைந்தது, அதன் பிறகு கூடியது. பலகையில் இருந்த படம் வெயிலில் வெளுத்து, நடந்துகொண்டிருந்தவர்கள் ஆவிகள் மாதிரி ஆனார்கள். அக்கம்பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சில இடங்களில் காபிக் கடைகளும் ஜிம்மும் வந்தன. இவளுடைய கட்டடம் மட்டும் அப்படியே நின்றது. எப்போது கேட்டாலும் பதில் அதேதான்: ஆறு மாதம்.

சுற்றியிருந்தவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "பக்கத்துல ஒண்ணும் முடியல, உன்கிட்ட மட்டும்தான் தினமும் முடி" என்று கணவன் கிண்டல் செய்வான். ஆனால் அவளுக்கு அந்த ஆறு மாதம் தொண்டையில் சிக்கிய முள். குழாய் ஒழுகினால் துணியைச் சுற்றிக் கட்டினாள். நாற்காலியின் தோல் கிழிந்தால் டேப் ஒட்டினாள். இடிக்கப்போகிற கடைக்கு எதற்குப் புதுசு? கணவன் கடைசி ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கடையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, "அவங்க உறுதியா சொல்லட்டும், போவோம். இங்க இருக்கிற ஆளுங்களை விட்டுட்டு அவசரப்பட்டுப் போயி, இங்க ஒண்ணுமே நடக்கலைன்னா?" என்று கேட்டாள். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லி அழைத்தாள். இவள் போனாள். ஆனால் ஒரு வாரம் ஆவதற்குள் பல் டாக்டர் போன் செய்தார். இயந்திரங்கள் எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றனவாம். பச்சைக் குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டு அடித்துப் பிடித்துத் திரும்பினாள். வந்து பார்த்தால் வேலிக்குள் ஒரு இயந்திரம் மட்டும் சும்மா நின்றது. மறுநாள் அதையும் எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்குக் கடைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கட்டடத்தை இடித்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

கோபுரத்தின் நிலவரம் அவளுக்குச் செய்தித்தாளில் தெரிந்ததைவிட நாற்காலியில் உட்காருகிறவர்களின் தலையில்தான் அதிகம் தெரிந்தது. முதலில் ஜெல் தடவிய தலைகள் வந்தன. அவர்கள் வீடு விற்கிறவர்கள். பிறகு சேறு ஒட்டிய தலைகள், மண்ணைச் சோதிக்கிறவர்கள். பிறகு நீண்ட காலம் புதுத் தலை எதுவும் வரவில்லை. கடைசியில் ஒருநாள் சிமெண்ட் தூசியோடு ஒரு கூட்டமே வந்து வரிசையில் நின்றது. அப்போதுதான், இந்தத் தடவை நிஜம் என்று அவளுக்குப் புரிந்தது.

மண் சோதனைக் காலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தவள் இன்ஜினீயர். முதல் தடவை வந்தபோது இடுப்பு வரை பின்னல். வேலை நின்று, திரும்பத் தொடங்கி, மறுபடி நின்றதற்கு நடுவில் அவள் பின்னலைத் தோள் வரை வெட்டிக்கொண்டாள். இப்போது முன்நெற்றியில் நரை.

"டவர் ஏறுதோ இல்லையோ, என் தலையில வெள்ளை ஏறிடுச்சு அக்கா" என்றாள்.

"அதுக்குத்தான் சாயம் இருக்கே. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. எங்க பக்கம் எப்ப வருவீங்க?"

"எனக்கே தெரியாது அக்கா. தெரிஞ்சா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன். இப்ப டிப்போ பக்கம் பள்ளம் தோண்டுறோம். மழை வேற விட மாட்டேங்குது."

மழை ஒரு வாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அது சற்று ஓய்ந்த ஒரு முற்பகலில்தான் அது நடந்தது.

இன்ஜினீயர் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்திருந்தாள். கருப்புத் துணியைக் கழுத்தில் கட்டி, பிரஷ்ஷால் வகிடு வகிடாகப் பூசி முடித்து, ஊறட்டும் என்று அவளை உட்கார வைத்திருந்தாள் அக்கா. வெளியே இயந்திரம் உறுமியது. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் துணியில் உதிர்ந்தது. தினமும் உதிர்வதுதானே என்று அக்கா அதைத் தட்டிவிட்டாள். ஆனால் இன்ஜினீயர் கண்ணாடிக்கு மேலே இருந்த சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த விரிசல் நேத்து இருந்துச்சா?"

"எந்த விரிசல்?"

கேட்டுக்கொண்டே திரும்பினாள். அவள் கண்ணெதிரிலேயே அந்தக் கோடு ஒரு விரல் நீளம் கீழே இறங்கியது.

இன்ஜினீயர் எழுந்துவிட்டாள். "மாடியில யார் இருக்காங்க? எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. எதையும் எடுக்காதீங்க. ஓடுங்க அக்கா!"

சொன்னவள், தலை நிறையச் சாயத்தோடும் முதுகில் படபடக்கும் கருப்புத் துணியோடும் வேலியைப் பார்த்து ஓடினாள். "நிறுத்து! மெஷினை நிறுத்து!" என்று அவள் கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டதாம். வேலைக்காரர்கள் முதலில் அது தங்கள் மேடம் என்று நம்பவில்லை. ஏதோ வௌவால் பகலில் கிளம்பிவிட்டது என்று நினைத்ததாக ஒருவன் பிறகு சொன்னான்.

அக்கா மாடிப்படியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பல் டாக்டர் ஒரு பருமனான மனிதரின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இறங்குங்க! கட்டடம் போகுது!"

"ரெண்டு நிமிஷம்மா, இந்தப் பல்லை மட்டும்..."

"பல் கெடக்கட்டும், ஆள் மிஞ்சணும்!"

இதைக் கேட்டதும் நாற்காலியில் இருந்தவர் டாக்டரைத் தள்ளிவிட்டு, வாயில் பஞ்சோடு முதல் ஆளாகப் படியிறங்கினார். அவர் பின்னால் டாக்டர், அவர் பின்னால் அக்கா. மூவரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, டிப்போ பக்கத்துச் சுவர் பெரிய சத்தமெல்லாம் இல்லாமல், தூக்கம் வந்த ஆள் சாய்வது போல மெதுவாகப் பள்ளத்துக்குள் சாய்ந்தது. அதன் பிறகுதான், கூரையும் மாடித் தளத்தில் பாதியும் கடைமேல் இறங்கி, சத்தம் வந்தது. தூசி அடங்கியபோது, மேலே பல் டாக்டரின் நாற்காலி அந்தரத்தில் விளிம்பில் நின்றது. கீழே கண்ணாடி, குழாய், டேப் ஒட்டிய நாற்காலிகள் எல்லாம் செங்கல்லுக்கு அடியில் போயிருந்தன.

பள்ளத்துக்குள் இருந்தவர்களையும் இன்ஜினீயர் அதற்குள் மேலே ஏற்றிவிட்டிருந்தாள். தலைகளை எண்ணி, திரும்ப எண்ணி, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு அக்காவிடம் வந்தாள். சாயம் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா... தலை எரியுது."

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அய்யய்யோ, நேரமாயிடுச்சே! வா, குனி!"

வேலைத்தளத்தில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து, நடுத்தெருவில் இன்ஜினீயரைக் குனிய வைத்துத் தலையை அலசத் தொடங்கினாள். கருப்புத் தண்ணீர் இருவர் காலையும் நனைத்து ஓடியது. இரண்டு பேரில் யார் முதலில் சிரிக்கத் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பஞ்சு வாயோடு நின்றவரும் தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்கு மரத்துப்போன பக்கம் மட்டும் சிரிப்பில் சேரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கணவனின் பஸ் வந்தது. கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தவனுக்கு, மனைவியின் கடை இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. பஸ்ஸை அப்படியே நடு ரோட்டில் நிறுத்தி, பயணிகளை மறந்து குதித்து ஓடிவந்தான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், அவள் ஒரு பெண்ணின் தலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏய்... இருக்கியா?" அவ்வளவுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

"இருக்கேன். எல்லாரும் இருக்கோம். நீங்க போய் பஸ்ஸை எடுங்க, ஜனங்க திட்டுவாங்க."

அவன் போகவில்லை. நடைபாதையின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா தலையை நீட்டி, "டிரைவரே, மெதுவா வாங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்றாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், வெளிச்சம் இருக்கும்போதே படுத்து, அவள் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். துக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. எழுந்ததும் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"சொன்னா தப்பா நினைக்காதீங்க. அப்பாடான்னு இருக்கு."

"உசுரு தப்பிச்சதே, இருக்காதா?"

"அது மட்டும் இல்ல. இனிமே யாரும் என்கிட்ட ஆறு மாசம்னு சொல்ல முடியாதுல்ல?"

"இத்தனை வருஷமா அதுவா உன்னை அழுத்திட்டு இருந்துச்சு?" என்று கேட்டான். அவள் தேநீர் போட எழுந்துபோனாள்.

கம்பெனியே முன்வந்து இரண்டு தெரு தள்ளி, வாகனம் நிறுத்தும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தது. இன்ஜினீயர் அதற்காக மேலிடத்தில் சண்டை போட்டதாகப் பிறகு காதில் விழுந்தது. இடம் தயாராகும் வரை அக்கா மகள் வீட்டில் இருந்தாள். பேரன் இப்போது கேள்வி மேல் கேள்வி கேட்கும் வயது. ஒரு மாதம் என்று போனவள் இரண்டு மாதம் தங்கினாள். யாராவது போன் செய்து, பக்கத்தில் என்ன நடக்கிறது தெரியுமா என்று சொல்லத் தொடங்கினால், "அது அவங்க பாடு" என்று பேச்சை மாற்றினாள்.

புதுக் கடைக்குச் சுவரின் நிறத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். நல்ல ஆரஞ்சுப் பழ நிறம். இரண்டு புது நாற்காலிகள், ஒழுகாத குழாய். பழைய ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பல் டாக்டர் மட்டும் வேறு பக்கம் போய்விட்டார். ஆனாலும் முடி வெட்ட இங்கேதான் வருகிறார்.

கோபுரம் அதன் பாட்டுக்கு ஏறியது. நடுவில் கண்ணாடி வந்து சேரவில்லை என்று நின்றது. லிஃப்ட் சரியில்லை என்று நின்றது. இன்ஜினீயர் வந்து உட்கார்ந்து புலம்புவாள். அக்கா அவளுடைய தலையை இதமாகப் பிடித்துவிட்டபடி, "வரும்போது வரட்டும் விடும்மா" என்பாள். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அந்தக் கோபுரம் நாளைக்கு முடிந்தாலும் சரி, பேரன் கல்யாணத்துக்குள் முடிந்தாலும் சரி, அவளுக்கு நிஜமாகவே ஒன்றுதான்.

போன வாரம் கணவனின் பஸ்ஸில், அவன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிக்னலில் பஸ் நின்றது. கணவன் விரலை நீட்டிக் காட்டினான். கோபுரத்தின் நடுவில் ஏதோ ஒரு மாடியில், ஒரு பால்கனியில் துணி காய்ந்தது. சட்டை, துண்டு, ஒரு குழந்தையின் சின்ன காலுறைகள்.

"குடி வந்துட்டாங்க போல" என்றான்.

"வந்துட்டாங்க" என்றாள். காற்றில் அந்தக் காலுறைகள் விழுந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று, சிக்னல் மாறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.