தையல் மிஷின் இருந்த அறை

ஏரிப் பூங்கா கேட்டில் ஒரு சுழல் தடுப்பு. இடுப்பால் தள்ளிக்கொண்டு நுழைந்தால் 'டக்' என்று ஒலித்து, மேலே இருக்கும் பெட்டியில் ஓர் எண் ஏறும். அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம். ஊருக்கெல்லாம் அவள் கேட்டக்கா.

பஸ் நிறுத்தத்தைப் பூங்காவின் பின்பக்கம் மாற்றினார்கள். அன்றிலிருந்து தடுப்புக்கு மூச்சுவிட நேரமில்லை. சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பல் பிடுங்கப் போகிறவர்கள் எல்லாரும் பூங்கா வழியாகக் குறுக்கே நடந்தார்கள். போகும்போது ஒரு டக், வரும்போது ஒரு டக். ஏரியை ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டக்கா டீ குடித்துவிட்டு வந்தாலும் கணக்கில் இரண்டு பேர்.

சுற்றுலா அலுவலகம் அந்த எண்ணைத் தூக்கி, பயணிகள் வரத்து இருமடங்கு என்று பேப்பரில் போட்டுவிட்டது. பெட்டியைப் பார்க்க வந்த அதிகாரியிடம் அவள் சொல்லத்தான் செய்தாள்.

"சார், இதெல்லாம் நம்மூரு ஆளுங்கதான். பஸ்ஸுக்குப் போறாங்க."

"உள்ள வந்தாங்களா இல்லியாம்மா?"

"வந்தாங்க."

"அப்புறம் என்ன?" சிரித்துக்கொண்டே போய்விட்டார். செவிடன் காதில் ஊதின சங்கு.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. காலர் வைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அந்த மனுஷர் பேப்பரைப் படித்துவிட்டு, மிஷினை விற்று முன்னறையை இரண்டாகத் தடுத்துப் பயணிகளுக்குக் கட்டில் போடப்போவதாகச் சொன்னார்.

"ஏங்க, வேணாங்க. அந்தக் கணக்குல நானே தெனம் பத்து பேரு."

"பேப்பர்ல போடுறவன் முட்டாளா? நான் எது பண்ணாலும் ஒனக்கு நொட்டைதான்."

மிஷின் போயிற்று. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை வந்ததோடு சரி. யாரும் படுக்காத விரிப்புகளை அவள் துவைத்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். பேண்ட்டைச் சுருக்க வந்தவர்களை அவரே அடுத்த தெருவுக்கு அனுப்பினார். சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கு அடியில் அவர் கால் மட்டும் பழக்கத்தில் மிதித்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலில் செருப்பு மாட்டுவதுபோல நாட்கள் போயின.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்கும் பெண் வந்தாள். செல்போனில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை ரூம்க்கா?"

"ரெண்டு. ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் தங்கலம்மா. அதையும் போட்டுக்க."

"அந்தக் கேள்வி இதுல இல்லக்கா."

கட்டில்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவர் பேப்பரை மேசைமேல் விரித்து உரக்கப் படித்தார். ஊரில் தங்கும் அறைகள் இவ்வளவு கூடியிருப்பதே பயணிகள் குவிவதற்குச் சாட்சியாம்.

"பாத்தியா, நம்ம ரூமையும் சேத்துதான் போட்டிருக்கான். ஆளு வராமயா இத்தன பேரு ரூம் போடுவான்?" முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். "சமையக்கட்டக் கொஞ்சம் உள்ள தள்ளினா மூணாவது ரூமும் போட்டுடலாம்."

அவள் மேசைக்கு அடியில் பார்த்தாள். அவர் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"சரிங்க" என்றாள்.