ஜேசிபிக்காரர் தூக்கி விட்ட ஆமை

இன்று காலை மணவாள நகர் டீக்கடை வாசலில் உண்டியலோடு நின்றிருந்தோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டை யாரோ மனை போடுவதற்குள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே வாங்கிவிடுவதாகத் திட்டம்.

ஒரு ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி நேராக எங்களிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

ஐந்நூறு ரூபாயை மடித்து உண்டியலில் போட்டார்.

“காட்டை அழிக்கிறதுதானேண்ணா உங்க வேலை?” என்று கேட்டேவிட்டேன்.

“ஆமா சார். அதனாலதான் போடறேன்,” என்றார். “மிஷின் ஸ்டார்ட் பண்ணா மொதல்ல முயல் ஓடும். அப்பால கீரி. குஞ்சு வச்சிக்கினு கீற கவுதாரி கடைசி வரிக்கும் நவுராது. ஆமை இன்னா பண்ணும், சொல்லுங்க? நானே எறங்கித் தூக்கிக்கினு போயி அந்தாண்ட காட்டுல உடுவேன். இப்ப அந்தாண்டயும் காடு இல்ல சார்.”

டீயைக் குடித்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

எங்கள் நோட்டீஸில் அந்தக் காட்டின் உயிரினங்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஆமை இல்லை.

திரும்ப அச்சடிக்க வேண்டும். பிரஸ் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருக்கிறீர்களா?