பவித்ரா இருக்கப் பயமேன்

இன்னிக்கு ஈஜோக் போற பஸ்ல என் வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேர், எனக்குப் பக்கத்து சீட்டில்.

பவித்ராதான் ஆரம்பிச்சா. "டீச்சர், தர்ஷினிக்கு நேத்து நடத்தின கணக்கு புரியலையாம்."

தர்ஷினி ஜன்னலோரமா உக்காந்திருக்கா. அதுவரைக்கும் போன்ல அம்மாகூட சண்டை போட்டுக்கிட்டு வந்த பிள்ளை.

"எந்த இடத்துலன்னு கேளு" என்றேன்.

பவித்ரா காதில் தர்ஷினி ஏதோ சொன்னா. "மூணாவது வரியிலருந்தாம், டீச்சர்."

"என்கிட்டயே கேளு லா. கடிச்சா வச்சிடுவேன்?"

மறுபடியும் காது. "பயமா இருக்காம், டீச்சர்."

திங்கக்கிழமை பரீட்சை. நோட்டை வாங்கி, பஸ் குலுங்கக் குலுங்க விளக்கினேன். கேட்க வேண்டியதை நாமேதான் கேட்கணும்னு அறிவுரையும் சொன்னேன். தர்ஷினி தலையாட்டினா.

வீட்டுக்கு வந்ததும், ஸ்கூல்ல எனக்குப் பக்கத்து மேசை செல்வி டீச்சருக்கு மெசேஜ் போட்டேன். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும். பிரின்சிபல் நல்ல மூட்ல இருக்கும்போது நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

இப்பதான் பதில் வந்துச்சு. "சரி, கமலா டீச்சரைக் கேட்கச் சொல்றேன்."

உங்க ஆபீஸ்ல பவித்ரா யாரு?