தண்டவாளத்தில் நின்ற கல்யாணக் கார்

சும்மா நிற்கும்போது இன்ஜின் ரொம்ப உறுமுகிறதே என்று, இன்று காலை என் பழைய காரின் கார்புரேட்டர் ஸ்க்ரூவை நானே கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

அந்தக் காரில்தான் மணப்பெண்ணையும் அவள் அம்மாவையும் அரியக்குடி கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிட்டது.

மூன்று தடவை சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை.

"வண்டிய எடுங்க, ரயில் வருது!" என்று கத்திக்கொண்டே கேட் கீப்பர் ஓடிவந்தார்.

அதற்குள் மணப்பெண் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"பட்டுச் சேலைடி!" என்று அம்மா அலறினார்.

"நீயும் எறங்கித் தள்ளும்மா!"

அவர்கள் இருவரோடு கேட் கீப்பரும் சேர்ந்து தள்ள, கார் மெல்ல அந்தப் பக்கம் உருண்டது. கேட் இறங்கியது. ரயில் கடந்துபோனது.

"ஏண்ணே, கார்புரேட்டர்ல கை வச்சீகளா?" என்று பெண் கேட்டாள்.

"ஆமாத்தா."

பானட்டைத் திறந்து ஸ்க்ரூவைப் பழையபடி முறுக்கினேன். வண்டி கிளம்பியது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பந்தி முடியும்வரை வாயைத் திறந்துறாதீக.