மாவுச் சல்லடையில் கடல்

எங்கள் அத்தை சேற்றைப் படித்தவர். அப்பாவின் ஒரே தங்கை. பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பழைய மண்ணுக்குள் கிடக்கும் உயிர்களைப் பற்றிப் படிக்கப் போனதிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. லீவுக்கு வந்தால் ஒரே வீட்டில் இருந்தும், "ஒங்க அத்தைய சாப்பிடச் சொல்லு" என்பது என் வழியாகத்தான் போகும். அந்தத் தபால் வேலையில் எனக்குப் பெருமை உண்டு.

நான் ஐந்தாவது படித்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை நாற்று கருகத் தொடங்கியதும் அப்பா கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வயலில் போர் போட ஆள் கூப்பிட்டார். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். முதலில் மணல் வந்தது. அதற்குக் கீழே கறுப்புச் சேறும், அதோடு கை நிறையச் சிப்பிகளும். அம்மா சிப்பிகளைக் கழுவி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். வேளாங்கண்ணி மாதாவே வழி காட்டிவிட்டார் என்று தெருவே பேசியது. அப்பா உற்சாகமாகி, "இன்னும் ஆழமா எறக்குங்க" என்றார்.

லீவுக்கு வந்திருந்த அத்தை மட்டும் அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு போய் அம்மாவின் மாவுச் சல்லடையில் அலசினார். அதற்காக அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது தனிக்கதை. காய்ந்த பொடியிலிருந்து என் பெயின்ட் பிரஷால் எதையோ ஒற்றியெடுத்து, தான் கொண்டுவந்திருந்த மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பிறகு அப்பாவிடம் நேராகவே பேசினார்.

"அண்ணே, ஒரு தடவ பாருங்க. இது உப்புத்தண்ணியில வாழுறது. இங்க கடல் இருந்திருக்கு. முத்துப்பேட்டையில இருக்கிற மாதிரி அலையாத்திக் காடும் இருந்திருக்கு, சேத்துல வேர் கெடக்கு பாருங்க. அப்பறந்தான் ஆறு மணலக் கொண்டாந்து மூடிருக்கு. இன்னும் எறக்குனா உப்புதான் வரும். நல்ல தண்ணி மேல மணல்ல இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது நானோ என்று நினைத்தேன். பிறகு குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. அவருக்குப் பின் நானும் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய ஓடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அறை அறையாகச் சுருள். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை. நாற்று நடுகிற இடத்தில் அலை அடித்ததை அந்தப் பொடி உயிர்கள் சொல்லிவைத்திருந்ததும், அதைப் படிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்ததும் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்பா வெளியே போய், "அடியில களிமண் போட்டு அடைச்சிடுங்க. மேல மணல்லயே பைப்ப நிறுத்துங்க" என்றார்.

மோட்டார் ஓடியது. கலங்கல் தெளிந்ததும் டம்ளரோடு முன்னால் நின்றது நான்தான். அப்பா கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். என் டம்ளரை வாங்கி நிரப்பி, என்னைத் தாண்டிப் போய் அத்தையிடம் நீட்டினார்.

"நல்ல தண்ணிதான். குடிம்மா."

அத்தை குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது. அப்பாவே சொன்ன பிறகும் உப்புக் கரிக்குமோ என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.